அடுத்த ஊர் இல்லாத மொழி

'பாகுபலி'யின் முதல் பாகம் 2015-இல் வந்தபோது கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருப் பிள்ளைகள் சில வாரம் அந்தப் படத்தின் எதிரிக் கூட்டமான காலகேயர்களாகவே திரிந்தார்கள். பேசுவதன் பொருள் ஒருவனுக்கும் தெரியாது. அடித்தொண்டையில் ஓர் உறுமல், நாக்கில் ஒரு சொடுக்கு, கண்ணில் கொஞ்சம் முறைப்பு. அவ்வளவு இருந்தால் அவர்களுடைய கிளிக்கி மொழி வந்துவிடும்.

பாடலாசிரியர் மதன் கார்க்கி அந்த மொழியை வெறும் சத்தமாகக் கட்டவில்லை. 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் குழந்தைகளோடு விளையாட உண்டாக்கிய சின்ன மொழிதான் இதன் விதை. 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. சொல்லைத் திருப்பிப் போட்டால் எதிரில் நிற்பவர் வந்துவிடுகிறார்.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம். என்னைக் கடைசியிலிருந்து வாசித்தால் நீ. தலை கொய்யும் கூட்டத்தின் வாயில் இவ்வளவு பரிவான இலக்கணம். குழந்தைகளுக்காகப் பிறந்த மொழி என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் திரையில் காலகேயன் பேசுவதாக நம் நினைவில் நிற்பதெல்லாம் போர்க்களப் பேச்சு. அவன் உப்பு விலை கேட்டு நாம் பார்த்ததில்லை. அவன் பாட்டி அவனைத் திட்டிக் கேட்டதில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. கதை தேவையில்லை என்று விட்ட அந்த இடத்தில்தான் என் மனம் போய் நிற்கிறது.

*

பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மூன்றாவது, ஒரு கூட்டம் தனக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல். அதற்கு உரைகாரர்கள் தரும் சான்றுகளைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள்.

அறிவியல் புனைவுப் படத்திலோ விளையாட்டிலோ ஒரு கூட்டத்துக்கென்று தனிமொழி செய்ய உட்காருகிறவர், கிரகத்தின் தட்பவெப்பம், தொண்டையின் அமைப்பு என்று எங்கெங்கோ தொடங்குகிறார். பொற்கொல்லர் பட்டறையிலிருந்து தொடங்கலாம். உலைக்கு முன்னால் கொல்லர் இருவர். மணைப்பலகையில் நகை செய்யக் கொடுக்க வந்தவர். அந்த மூன்றாமவர் எழுந்து போய்விட்டால் 'பறி' என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. பொன்னைப் பொன் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போடுகிறார். வாங்குகிறவரின் கை உள்ளே போகிறது. வாய் மழையைப் பற்றியும் மாட்டின் சுழியைப் பற்றியும் பேசுகிறது. துண்டுக்கு அடியில் விரல்கள் ஒன்றையொன்று பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டின் நுனி மட்டும் கொஞ்சம் அசையும். பிடித்த விரல் நூறைக் குறிக்கிறதா ஆயிரத்தையா என்று யாரும் சொல்வதில்லை. மாட்டைப் பார்த்ததுமே அது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

எழுத்து இல்லை, ஒலி இல்லை, இலக்கணம் இருக்கிறது. சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறார்களே, அவர்கள் கலைந்து போனால் துண்டு தோளுக்குத் திரும்பிவிடும்.

*

அடுத்தவர் இருப்பதால் சொல் மாறுவதற்கு எங்கள் பக்கத்துக் கல்லிலும் சான்று உண்டு. விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் இந்தப் பக்கம் வந்தது. அதன் அருகில், தென்பெண்ணைக் கரைப் பகுதியில் ஜம்பை. அங்குள்ள குன்றின் குகையில் தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் தமிழி எழுத்தில் ஒரே ஒரு வரி இருப்பதை 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டது. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த தங்கிடம் என்பது அதன் செய்தி.

அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை தெற்கே உள்ளவர்களைப் பட்டியலிடும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் சொல்கிறது. அந்த நான்காமவர் யார் என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜம்பையின் ஒற்றை வரி வழக்கை முடித்து வைத்தது. வரலாற்றுக்காரர்களுக்கு அதுதான் பெரிது.

எனக்கு அந்த வரியின் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிகின்றன. தொடங்குவது 'ஸ'வில். தமிழ் தனக்கு வேண்டாம் என்று வைத்த வடக்கத்தி எழுத்து அது. பட்டமே பிராகிருத வடிவத்தில் இருக்கிறது. முடிவது 'பாளி' என்ற சொல்லின் 'ளி'யில். ழ, ள, ற, ன என்ற நான்கும் பிராமியைத் தமிழுக்கு ஏற்றபடி திருத்தியவர்கள் சேர்த்துக்கொண்டவை. கூட்டிப் படித்தால் சில விநாடிக்குள் முடிந்துவிடும் வரி, இரவல் எழுத்தில் தொடங்கி, நமக்கென்று செய்துகொண்ட எழுத்தில் முடிகிறது.

அதியனின் ஊர் தகடூர், இன்றைய தருமபுரிப் பக்கம். கோவலூர், அதாவது இன்றைய திருக்கோவிலூர், மலையமான்களுடையது. அதை அதியமான் வென்றதைப் புறநானூறு பேசுகிறது. அடுத்தவன் ஊருக்குப் பக்கத்தில், இன்னும் தூரத்துக்காரர்கள் தன்னை அழைக்கும் பட்டத்தோடு, துறவியர் தங்கும் இடத்தில் வெட்டிய வரி இது. தன் ஊரில், தன் சனத்துக்கு மட்டும் என்றால் 'நெடுமான் அஞ்சி' போதுமே. சதியபுத்திரன் எதற்கு?

*

இப்படிப்பட்ட குகை வரிகளை முதலில் பார்த்தவர்கள் பிராகிருதமாகப் படிக்கப் பார்த்தார்கள். எழுத்து பிராமி என்பதால் மொழியும் வடக்கத்தியதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். சில எழுத்துகள் மட்டும் எதிலும் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றன. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் இவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். துருத்திக்கொண்டு நின்ற அந்த எழுத்துகளே அவருக்கு வழி சொன்னவை. பிறகு ஐராவதம் மகாதேவன் பல பதிற்றாண்டுகள் குகை குகையாகப் போய்ப் படித்து, 2003-இல் பெருநூலாக்கினார்.

'கமாண்டர் கீன்' என்ற பழைய கணினி விளையாட்டுக்கு டாம் ஹால் 1990 வாக்கில் ஒரு விண்வெளி எழுத்து வரைந்தார். பெயர் ஸ்டாண்டர்ட் கேலக்டிக் ஆல்ஃபபெட். பின்னாளில் 'மைன்கிராஃப்ட்' மந்திர மேசையிலும் அதே குறிகள் மிதந்தன. அந்த விளையாட்டை ஆடும் நம் பிள்ளைகளும் அவற்றைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு 26 உருவங்கள். ஒன்றுக்கு ஒன்று. அந்த எழுத்தில் எதுவும் துருத்துவதில்லை. ஒரு மாலையில் ஒரு சிறுவன் அட்டவணை போட்டு முடித்துவிடுவான். முடித்ததும் விண்மீன் கூட்டம் மறைந்து ஆங்கிலம் மிஞ்சும்.

இதையே தமிழுக்கு ஒருவர் செய்தால் இன்னும் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன். வரிக்கு வரி புள்ளி வரும். ஒரே 'க' மூன்று நான்கு ஒலிக்கு நின்று வேலை செய்யும். தமிழ்ச் சொல் ஒன்றும் மெய்யில் தொடங்காது. உருவத்தை எப்படி மாற்றி வரைந்தாலும் உள்ளே இருக்கும் ஆளின் நடை தெரிந்துவிடும்.

*

'ஹெவன்ஸ் வால்ட்' என்ற விளையாட்டு 2019-இல் வந்தது. அலியா என்ற தொல்லியலாளர் நெபுலாவுக்குள் கப்பலில் போய்ப் பழைய கல்வெட்டுகளைச் சேர்க்கிறாள். விளையாடுகிறவர் குறிகளைப் பார்த்து இதுவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே போகவேண்டும். தவறாக ஊகித்தாலும் விளையாட்டு உடனே கையைப் பிடித்து நிறுத்தாது. தவறான பொருளோடு அடுத்த இடத்துக்குப் போகலாம், அங்கே அந்தச் சொல் இன்னொரு வாசகத்தில் வந்து உதைக்கும்போதுதான் சந்தேகம் வரும்.

இதுவரை நான் அறிந்த விளையாட்டுகளில் கல்வெட்டுக்காரரின் வாழ்க்கைக்கு மிக அருகில் வந்தது இதுதான். சிந்துவெளிக் குறிகளின் முன்னால் நூறாண்டாக எல்லோரும் நிற்பது அந்த நிலையில். எழுத்தைப் படித்துத் தருவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறது. அங்கே வந்து உதைப்பதற்கு அடுத்த வாசகம் போதுமான நீளத்தில் இல்லை. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை சில குறிகளோடு முடிந்துவிடுகின்றன. அந்த மக்கள் தூர நாடுகளோடு வாணிபம் செய்தவர்கள், அடுத்த ஊர் இருந்தவர்கள். ஆனால் அடுத்த ஊர்க்காரனின் எழுத்தும் தங்கள் எழுத்தும் சேர்ந்து நிற்கும் கல் ஒன்று நம் கைக்கு வரவில்லை. ஜம்பைக்கு அசோகர் கட்டளை துணை வந்ததுபோல் ஒன்று.

*

'ஸ்டார் ட்ரெக்' படங்களின் கிளிங்கன் கூட்டத்துக்கு மொழி செய்தவர் மார்க் ஓக்ரண்ட். அதற்கு முன் அவர் கலிஃபோர்னியாவின் மட்சன் என்ற பழங்குடி மொழிக்கு இலக்கணம் எழுதி ஆய்வுப் பட்டம் பெற்றவர். பேசுவோர் இல்லாமல் போன மொழி. பழைய கையெழுத்துக் குறிப்புகளிலிருந்து எடுத்து எழுதினார். பேசுவதற்கு ஆள் இல்லாத மொழியோடு பல ஆண்டு இருந்த மனிதர், இல்லாத ஆட்கள் பேசுவதற்கு ஒரு மொழியைச் செய்து கொடுத்தார். இரண்டும் ஒரே மேசையில் நடந்த வேலையாக எனக்குத் தோன்றுகிறது.

கிளிங்கனை வேற்றுலகத்தன்மையோடு காட்ட அவர் ஓர் அரிய சொல்வரிசையைத் தேர்ந்தெடுத்தார்: முதலில் செயப்படுபொருள், பிறகு வினை, கடைசியில் எழுவாய். உலக மொழிகளில் இதை அடிப்படை வரிசையாகக் கொண்டவை மிகக் குறைவு. ஆங்கிலக் காதுக்கு அது தலைகீழ்.

எங்கள் பக்கத்துத் திண்ணையில் கேளுங்கள்: "பணத்தைத் தொலைச்சிட்டான் பையன்." "நெலத்தை வித்துப்புட்டாரு எங்க மாமா." பொருள், வினை, ஆள். கோபமோ வருத்தமோ வந்தால் தமிழ் தானாக இந்த வரிசைக்குப் போய்விடும். ஹாலிவுட் விண்வெளிக்காக அரிதென்று தேடி எடுத்தது இங்கே தினப்படி ஆற்றாமை. ஒரு மொழி எவ்வளவு அந்நியம் என்பதை அதைக் கேட்கிறவன் எந்த ஊரில் நிற்கிறான் என்பதுதான் முடிவு செய்கிறது.

*

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு, வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் போனால் கல்வராயன். சடையகவுண்டன், குறும்பகவுண்டன், அரியகவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை. 1976-இல்தான் அரசு அதைத் தன் கைக்கு எடுத்தது. இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். காஞ்சியிலிருந்து முன்னோர் வந்து மலையேறிய கதையைத் தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேசுவது தமிழ்.

மேலே அருவி பார்க்க வந்த இளைஞர் ஒருவர், கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம் கேட்டதை நான் கேட்டேன். "ஐயா, உங்க பாஷையில ஏதாச்சும் பேசுங்களேன்." கையில் கைபேசி பதிவுக்குத் தயாராக இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பேசிக்கிட்டுத்தான தம்பி இருக்கேன்."

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மலைவாசி என்றால் தலையில் இறகும் வாயில் பொருளற்ற அசைகளும் என்று பழைய படங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. காலகேயர்களும் அந்த வரிசையின் கடைசிப் பிள்ளைகள். கறுத்த உடம்பு, சடை, காடு. அதற்குப் பொருத்தமாகப் புரியாத மொழி. கார்க்கி அந்த வரிசையில் ஒரு நல்ல காரியம் செய்தார். அசைகளுக்குப் பொருள் வைத்தார், பொருளுக்கு இலக்கணம் வைத்தார். கூட்டத்தை மட்டும் கதை அப்படியே வைத்துக்கொண்டது.

மலையில் நடப்பது வேறு. கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் கீழே இறங்குகின்றன. உப்பும் துணியும் பள்ளிப் புத்தகமும் மேலே ஏறுகின்றன. கீழே வியாபாரியிடம் ஒரு பேச்சு, மேலே வீட்டில் ஒரு பேச்சு, அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இன்னொரு பேச்சு. ஒரே மனிதர், ஒரே தமிழ், சாலையின் ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் மாறுகிறது. மொழிக்குப் பல அடுக்கு வருவது இப்படித்தான். யாரும் உட்கார்ந்து வகுத்ததில்லை.

*

செய்த எழுத்து நிலைக்கவே நிலைக்காது என்று சொல்லிவிட முடியாது. பண்டிட் ரகுநாத் முர்மு 1925-இல் சந்தால் பழங்குடியினரின் சந்தாலி மொழிக்கு ஒல் சிக்கி எழுத்தை உண்டாக்கினார். அதுவரை சந்தாலியை வங்காளத்தில் ஒரு எழுத்தில், ஒடிசாவில் ஒரு எழுத்தில், பாதிரியார்கள் ரோமனில் என்று ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலு பக்கமும் அடுத்தவர் எழுத்து சூழ்ந்திருந்ததால் தமக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. 2008-இல் ஒல் சிக்கி யூனிகோடில் ஏறியது. கிளிங்கன் எழுத்தும் அதே வாசலில் நின்றது. 2001-இல் திருப்பி அனுப்பப்பட்டது. கிளிங்கன் கற்றவர்களே அதைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத்து அவர்களுக்கு அலங்காரம், சந்தால்களுக்கு அடுப்புக் கல்.

நம் எழுத்தையும் நம் கண் முன்னால் திருத்தியிருக்கிறார்கள். பெரியார் 1935-இல் 'குடிஅரசி'ல் சீர்திருத்த எழுத்தைப் புழங்க ஆரம்பித்தார். 1978-இல் அது அரசாணையானது. அதற்கு முன் படித்தவர்கள் எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். 'லை'யும் 'ணை'யும் 'னை'யும் மேலே தும்பிக்கை தூக்கி நிற்கும். 'விலை' என்று எழுத வேண்டிய இடத்தில் கை தானாக மேலே சுழித்துத் திரும்பும். அதே கடிதத்தின் ஓரத்தில் பேரன் எழுதிய வரியில் தும்பிக்கை இருக்காது. ஒரே தாளில், ஒரே வீட்டில், இரண்டு காலத்து எழுத்து. இந்தச் சின்ன முரணை எந்த விளையாட்டு எழுத்திலும் நான் கண்டதில்லை. அங்கே கப்பல் கதவிலும் கல்லறையிலும் குழந்தையின் பலகையிலும் ஒரே அச்சு.

*

'ஃபார் க்ரை பிரைமல்' என்ற 2016 விளையாட்டு கற்காலக் கதை. மொழியியலாளர்களான ஆண்ட்ரூ பயர்ட், பிரென்னா பயர்ட் இருவரும் மறுகட்டமைத்த தொல் இந்தோ-ஐரோப்பியத்தை அடிப்படையாக வைத்து அதன் பேச்சை உருவாக்கினார்கள். வென்ஜா, உடாம், இசிலா என்று மூன்று கூட்டம், கூட்டத்துக்கொரு பேச்சு. மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. உறவிருந்தும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தூரம் வைத்தார்கள். மூன்று கூட்டத்துக்கும் நடுவில் ஆறும் வேட்டைக்காடும் பகையும் இருப்பது அந்தத் தூரத்திலேயே கேட்கும்.

கிளிக்கியும் படத்தோடு நின்றுவிடவில்லை. 2020-இல் அதற்கு எழுத்தும் கற்பதற்கு இணையதளமும் வந்தன. கற்க வருகிறவன் படத்து அரசான மகிழ்மதியோடு போருக்குப் போகப் போவதில்லை. நலம் விசாரிக்கவும் பெயர் எழுதவும் ஆசைப்பட்டு வருகிறான். மொழிக்கு முதன்முதலாக அண்டை வீட்டார் கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை எப்படிச் சிதைக்கிறார்கள், எந்த விதியை மறந்துவிட்டு எதைத் தாமாகச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துதான் இனி அதன் வயது.

*

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பிள்ளை நாளைக்கு இப்படி ஒரு விளையாட்டைச் செய்ய உட்காரலாம். இன்று அதற்கு ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும். அவன் வந்து கேட்டால் இதைச் சொல்வேன்.

அகராதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் தம்பி. முதலில் உன் கூட்டத்தின் எல்லையில் ஒரு சந்தையை வரை. அங்கே எதிரிக் கூட்டத்திடம் இவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று முடிவு செய். வாங்கிய பொருளோடு அதன் பெயரும் வந்திருக்கும். அதை இவர்கள் எப்படித் தவறாக உச்சரிக்கிறார்கள் என்று எழுதிவை. இவர்கள் எழுத்தில் இரண்டோ மூன்றோ பகைவனிடம் வாங்கியதாக இருக்கட்டும். அதை ஒப்புக்கொள்ளாத ஒரு பூசாரியும், கேலி செய்யும் ஒரு குழந்தையும் இருக்கட்டும். கிழவிகள் மட்டும் இன்னும் பழைய வடிவத்தில் எழுதும் ஓர் எழுத்தை விட்டுவை. கப்பல் கதவில் அதைத் திருத்தி எழுதிய தடமும் தெரியட்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் அவன் சொற்களை உண்டாக்க ஆரம்பிக்கலாம். எத்தனை வேண்டும் என்று அப்போது அவனுக்கே தெரிந்திருக்கும். அந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்குவார்கள்.